ஏறாத ஆளின் பெட்டி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் விமான நிலையச் சோதனையைப் பற்றிப் போனில் பொரிந்து தள்ளினாயே, அம்மா இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாங்காய்த் தொக்கைக் கைப்பையில் வைத்தது உன் தப்பு. 2006-இல் லண்டனில் குளிர்பான பாட்டிலில் வெடிதிரவம் கொண்டுபோகத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டதிலிருந்துதான் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்கிற இந்தக் கணக்கு. தொக்கு கெட்டிதானே என்று வாதாடினாயாம். எண்ணெய் மிதக்கிறதே!

அது போகட்டும். யாரோ ஒருவர் ஏறாததால் அவர் பெட்டியைத் தேடி இறக்கினார்கள், முக்கால் மணி நேரம் வீண் என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

1984 ஆகஸ்ட் 2. நாங்கள் பழவந்தாங்கலில் குடியிருந்தோம். இரவு பதினொரு மணி ஆகப்போகிறது. திடீரென்று ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன, அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் உருண்டு விழுந்தன. டிரான்ஸ்பார்மர் வெடித்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தாத்தா திரும்பிப் படுத்துக்கொண்டார். விடிந்துதான் தெரிந்தது, மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்துக்கு இரண்டு பெட்டிகளைக் கொடுத்த ஆள் ஏறவே இல்லை; பெட்டிகள் இங்கேயே தங்கிவிட்டன. குண்டு இருக்கிறது என்று போன் வந்தும், அப்புறப்படுத்துவதற்குள் வெடித்துவிட்டது. 30 பேருக்கு மேல் போய்விட்டார்கள், பெரும்பாலும் இலங்கைக்காரர்கள். அடுத்த ஜூனில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் குண்டு. வான்கூவரில் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. 329 உயிர்.

அப்புறம் 1999-இல் காந்தஹார் விமானக் கடத்தல். அதற்குப் பிறகுதான் விமான நிலையங்களில் போலீஸ் போய் மத்தியப் படையான சி.ஐ.எஸ்.எஃப். வந்தது.

எல்லாச் சோதனையையும் நான் மெச்சவில்லை. மவுண்ட் ரோட்டில் என் ஆபீசில் டீக்காரப் பையன் நேராக மேனேஜர் அறைக்கே போவான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அவனுக்கும் நோட்டில் கையெழுத்து. நீ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு உன் பழைய ஓ.எம்.ஆர். ஆபீஸ் கேட்டில் நின்றேனே, தயிர்சாதத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டும் உள்ளே விடவில்லை. பக்கத்தில் காருக்கு அடியில் கண்ணாடி நீட்டியவரோ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

சித்தப்பா மகன் வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான். அம்மா மறுபடியும் தொக்கு கிளறிவிட்டாள். யாராவது எதையாவது கொடுத்துவிட்டார்களா என்று கவுன்டரில் கேட்பார்கள் அல்லவா? அதனால் அவனையே வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். திறந்து பார்த்து, ஒரு வாய் ருசித்து, அவன் கையாலேயே பெரிய பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா