கிழிந்த மரையும் டூலின் இடது முகமும்

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்திற்கு ஆடி பிறந்தும் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான், மன்னித்துவிடு. மூன்று வாரங்களாக என்னை அரித்துக்கொண்டிருந்த ஒரு சிக்கல் நேற்று மாலை தீர்ந்தது. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

ஆனி மாதத் தொடக்கத்தில் 40 ஷாஃப்ட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. இஎன்8 எஃகுக் கம்பி, ஒரு முனையில் எம்24 அளவில், அதாவது 24 மி.மீ. விட்டத்தில், 3 மி.மீ. பிட்ச் (புரிக்குப் புரி இடைவெளி) மரை, நீளம் 60 மி.மீ. நம் கைக்கு இது பெரிய வேலையன்று. சென்ற ஆண்டு ஐ.டி.ஐ. முடித்து வந்த தம்பியிடம் ஒப்படைத்தேன். 16 ஷாஃப்ட்டுகள் திரும்பி வந்தன. மரையின் அளவைச் சரிபார்க்கும் ரிங் கேஜ் அனைத்திலும் ஒழுங்காக ஏறியது. ஆனால் மரையின் இடுக்கில் விளக்கைக் காட்டிப் பார்த்தால் சரிவு முழுவதும் மீன் செதிள் போலக் கிழிந்திருந்தது. திருப்பி அனுப்பியவர்களிடம் எனக்குக் கோபமில்லை. அப்படிப்பட்ட மரையில் நட்டைப் பத்து முறை ஏற்றி இறக்கினால் இரண்டுமே வீணாகும்.

நான் முதலில் சந்தேகப்பட்டது பல்சக்கரங்களை. என் லேத்தில் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்திற்கு 4 மரை கொண்டது, அதாவது 6.35 மி.மீ. பிட்ச். அதில் 3 மி.மீ. வெட்ட 60 பல் சக்கரம் ஓட்ட, 127 பல் சக்கரம் ஓட வேண்டும். 127 ஏன் என்று தம்பி கேட்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மி.மீ. என்று 1959-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன; அதை ஐந்தால் பெருக்கினால் 127, அது பகா எண், ஆகவே வேறு சிறிய சக்கரங்களால் அதை ஈடு செய்ய முடியாது என்று கரும்பலகை இல்லாத குறையைச் சுவரில் சாக்பீஸால் எழுதித் தீர்த்தேன். என் 127 சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்துவிட்டதால் 63-க்கு 80, 30-க்கு 50 என்று மாற்றுக் கூட்டு போட்டிருந்தேன். கணக்குப் பார்த்தேன்: பிழை நூற்றுக்கு 0.0125, 60 மி.மீ. நீளத்திற்கு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பிட்ச்சில் வரும் பிழை மரையின் சரிவைக் கிழிக்கவும் செய்யாது. சக்கரங்கள் குற்றமற்றவை.

பிறகு வெட்டும் முறையைப் பார்த்தேன். தம்பி, குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடாலேயே டூலை நேராக உள்ளே செலுத்தியிருந்தான். அப்படிச் செய்தால் டூலின் இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் வெட்டுகின்றன. இரு பக்கச் சீவல்களும் நடுவில் மோதி, வெளியேற வழியின்றி இரும்பைப் பிடித்து இழுக்கின்றன. அதன் மேலிருக்கும், கோணத்தில் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடை 29.5 டிகிரிக்குத் திருப்பி வைத்து அதன் கைப்பிடியால் ஆழம் கொடுக்கச் சொன்னேன். இடது முகம் வெட்டும், வலது முகம் அரை டிகிரி அளவுக்கு மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்யும். மரையின் ஆழம் 1.84 மி.மீ. என்றால் சாய்வாகப் போவதால் காம்பவுண்டில் 2.11 மி.மீ. நகர வேண்டும் என்பதையும் அவனையே கணக்கிடச் செய்தேன். கிழிசல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பாதி கிழிந்த மரையும் கிழிந்த மரைதானே?

எண்ணெயை மாற்றினேன், வேகத்தை நிமிடத்திற்கு 60 சுற்றாகக் குறைத்தேன், ஸ்லைடுகளின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப்பை இறுக்கினேன். ஒவ்வொன்றும் சிறிது உதவியது; எதுவும் போதவில்லை. இதற்கிடையே தம்பி அவசரத்தில், லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் ஹாஃப் நட்டைத் திறந்துவிட்டு மறுபடி போட்டு மூன்று ஷாஃப்ட்டுகளைக் கெடுத்தான். அங்குல லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது அதை மறுபடி போடும் இடத்தைக் காட்டும் டயலை நம்பக் கூடாது, டூலை வெளியே எடுத்து மோட்டாரைத் திருப்பித்தான் ஓட்டி வர வேண்டும் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. கிழிசலை மறைக்க, ஓடும் மரையின் மேல் எமரித் துணியைச் சுற்றி இரு முனைகளையும் விரலில் பிடித்துக்கொண்டு அவன் நின்றதைப் பார்த்தேன். நான் சுவிட்சை அணைத்த பிறகும் என் கை நடுங்கியது. நம் பேட்சில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருபத்தாறு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத அந்தக் காலைப்பொழுதை அன்று அவனிடம் முழுமையாகச் சொன்னேன். அவன் அழுதான். அன்று வேலையை நிறுத்திவிட்டோம்.

மறுநாள் டூலைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். இடது முகத்தில், வெட்டும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, கண்ணாடி போல ஒரு பளபளப்பு. வெட்ட வேண்டிய டூல் அங்கே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது! 24 மி.மீ. கம்பியில் 3 மி.மீ. பிட்ச் மரை சுமார் இரண்டரை டிகிரி சாய்ந்து ஏறுகிறது. கம்பியைப் பிடித்திருக்கும் சக் பக்கமாக டூல் நகரும்போது அந்தச் சாய்வு இடது முகத்தின் கிளியரன்ஸை, அதாவது முகம் உரசாமலிருக்க விடும் கோணத்தை, தின்றுவிடுகிறது. தம்பி இரு பக்கமும் 3 டிகிரி வைத்துத் தீட்டியிருந்தான். இடது பக்கம் மிஞ்சியது அரை டிகிரிதான். கல்லில் அதை 7 டிகிரிக்குத் தீட்டி, விளிம்பை எண்ணெய்க் கல்லில் இழைத்து, சென்டர் கேஜில் 60 டிகிரியைச் சரிபார்த்து மாட்டினோம். (60 டிகிரி! மெட்ரிக் மரைக்கு 55 டிகிரி விட்வொர்த் டூலைத் தீட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்தவனுக்கு இதைச் சொல்வது என் கடமை.) முதல் வெட்டுகளுக்கு ஆழம் 0.25 மி.மீ., கடைசி வெட்டுகளுக்கு 0.05, அதன் பின் ஆழமே கொடுக்காமல் இரண்டு முறை. சீவல் ஒரே ரிப்பனாகச் சுருண்டு வெளியே வந்தது. மரையின் இரு சரிவுகளிலும் விளக்கின் ஒளி அறுபடாமல் ஓடியது. 1.732 மி.மீ. கம்பிகள் மூன்றை மரையின் இடுக்குகளில் வைத்து அவற்றின் மேல் அளந்தால் 24.40-க்கும் 24.60-க்கும் நடுவே இருக்க வேண்டும், 24.52 காட்டியது. தம்பி நான்கு முறை அளந்தான், நான் தடுக்கவில்லை.

உன்னிடம் மட்டும் ஒரு கவலையைச் சொல்கிறேன். இவன் கூடிய விரைவில் கணினி இயக்கும் சி.என்.சி. பட்டறைக்குப் போய்விடுவான், போகவும் வேண்டும். அங்கே தயாராக வரும் வெட்டுமுனையான இன்சர்ட்டை மாட்டினால் கோணம் தானாக வரும். ஆனால் மரை கிழியும் நாள் அங்கேயும் வரும், அன்று லென்ஸை எடுத்து எந்த முகத்தைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் எவ்வளவு சொல்லிக்கொடுத்துவிட முடியும் என்றுதான் இரவெல்லாம் எண்ணுகிறேன்.

நேற்று மாலை அந்த ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு தம்பியுடன், நமக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. மரையின் மேல் நகத்தை வைத்து, புரி புரியாக, அறுபது மில்லிமீட்டரையும் தடவிப் பார்த்தார். நட்டைக் கேட்டு வாங்கி ஒரு விரலால் சுழற்றினார்; அது கடைசிவரை தானாகப் போய் நின்றது. "யார் வெட்டினது?" என்று கேட்டார். தம்பி முன்னால் நகர்ந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டே, "அந்த அம்பத்தஞ்சு டிகிரிக்காரன் எப்படி இருக்கான்?" என்று உன்னைத்தான் விசாரித்தார். ஆவணியில் வருவாய் என்று சொல்லிவிட்டேன், வந்துவிடு.

வரும்போது உன் பட்டறையில் சும்மா கிடக்கும் 127 பல் சக்கரத்தையும் எடுத்து வா. துளையின் விட்டத்தை அளந்து முன்கூட்டியே எழுது. அதில் பொருந்தும் புஷ் (உள்வளையம்) கடைந்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்