கலியாணத்துக்கு வந்த ஆக்களுக்கு நீங்கள் போட்ட றூமும் குடுத்த வழிகாட்டியும் – முறைப்பாடு

மனேஜருக்கு,

வணக்கம். ஆவணியில நடந்த எங்கட பெறாமகளின்ர கலியாணத்துக்கு வெளிநாட்டில இருந்து வந்த ஆக்களுக்கு றூம், வான், வழிகாட்டிப் பிடிஎஃப் எல்லாத்தையும் சேத்து உங்கட கம்பனியிட்டத்தான் பேசிக் குடுத்தனாங்கள். காசு அக்கா ரொறன்ரோவில இருந்து போட்டவா, பில்லும் கையெழுத்தும் என்ர பேரில, ஏனெண்டா நான்தான் இஞ்ச கொக்குவிலில இருக்கிறன். வந்த ஆக்கள் எல்லாரும் திரும்பிப் போயிட்டினம், நான் போன் எடுத்தா "நோட் பண்ணியிருக்கிறம் அன்ரி" எண்டு ஒரு பிள்ளை சொல்லுறா, அதுக்கு மேல ஒண்டும் நடக்கேல்லை, அதால இப்ப எழுத்தில தாறன். கொஞ்சம் நீளம்தான், முழுக்க வாசியுங்கோ.

உங்கட பில்லில "உள்ளூர் ஆலோசனைக் கட்டணம்" எண்டு தனியா ஒரு வரி இருக்கு. என்ர சண்டை முக்கால்வாசி அந்த ஒரு வரியோடதான்.

றூம் விசயத்தை முதல் சொல்லுறன். கலியாண நாள் நல்லூர்த் திருவிழாவுக்க வருது எண்டு பங்குனியிலயே உங்களுக்குச் சொன்னனான். கொடி ஏறினா 25 நாளும் கோயிலைச் சுத்தி ரோட்டை மறிச்சுப்போடுவாங்கள், வாகனம் கிட்டப் போகேலாது, தேர் தீர்த்தம் எண்டா சொல்லவே தேவையில்லை, அதால திருநெல்வேலிப் பக்கமோ கோண்டாவில் பக்கமோ பாருங்கோ, மண்டபத்துக்கும் அது கிட்ட எண்டு விளக்கமாத்தான் சொன்னனான். "அதெல்லாம் எங்கட ரீம் பாத்துக்கொள்ளும் அன்ரி" எண்டு வட்ஸ்அப்பில வந்த பதில் இப்பவும் என்ர போனில கிடக்கு. கடைசியில நீங்கள் போட்டது தடுப்புக்கு உள்பக்கம் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ். வழிகாட்டியில எழுதியிருக்கிறது "மண்டபத்துக்கு வாகனத்தில் ஐந்து நிமிடம்". வாகனம் வாசலுக்கு வந்தாத்தானே ஐஞ்சு நிமிசம்.

கலியாணத்தண்டு விடிய என்ன நடந்ததெண்டா, முகூர்த்தம் எட்டு மணிக்கு முதல், கெஸ்ட் ஹவுஸில காலமைச் சாப்பாடு எட்டுக்குப் பிறகுதான், அதால எல்லாரும் வெறும் தேத்தண்ணியோட வெளிக்கிட்டவை. பாரிஸில இருந்து வந்த எங்கட மாமி முழங்கால் ஒப்பரேசன் செய்தவா, அவா காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு, கோயில் வீதியில செருப்போட நடக்கிறது சரியில்லை எண்டு செருப்பைக் கழட்டி ஒரு கையில பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையால பேரப்பிள்ளையின்ர தோளைப் பிடிச்சபடி அந்தக் குவிச்ச மணலுக்க காலைப் புதைச்சுப் புதைச்சு நடந்தவா, பக்கத்தில ஆம்பிளையள் ஈர வேட்டியோட அங்கப்பிரதட்டை உருளுகினம், அவைக்கு இடம் விட்டு விலகி விலகிப் போகவும் வேணும். இவ்வளவும் நடந்து தடுப்புக்கு வந்தா வான் இல்லை. வான் பருத்தித்துறை ரோட்டுப் பக்கம் நிக்குது, இவை நிண்டது கோயில் ரோட்டுப் பக்கம். ட்ரைவருக்கு எந்தத் தடுப்பு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அவர் பாவம் கண்டியில இருந்து வந்தவர், ஊர் தெரியாது. மாமி தாலி கட்டினதைக் காணேல்லை. அறுகரிசி போடத்தான் வந்து சேந்தவா. ஒரு சொல் குறை சொல்லேல்லை அவா, எனக்குத்தான் மாப்பிள்ளை வீட்டாக்களுக்கு முன்னால முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை.

வழிகாட்டியில "வெளியில் செல்ல ஹோட்டல் வரவேற்பில் டாக்சி கேட்கவும்" எண்டு கிடக்கு. போனில வாகனம் கூப்பிடுற பிக்மீ அப் இஞ்ச ஓடுது, ஓட்டோவும் வரும், தடுப்புக்கு வெளியில நிண்டு போடுங்கோ எண்டு ஒரு வரி எழுதியிருந்தாக் காணும். அதை அண்டைக்குக் கண்டுபிடிச்சது அக்காவின்ர பதினாறு வயசு மகன்.

வான் கதை அடுத்தது. "கட்டுநாயக்காவில் இருந்து எக்ஸ்பிரஸ்வே வழியாக ஐந்து மணித்தியாலம்" எண்டு போட்டிருக்கிறீங்கள். வடக்குக்கு எக்ஸ்பிரஸ்வே எங்க கிடக்கு? கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், புத்தளம் அநுராதபுரம் வவுனியா எண்டு வாறதுக்கு ஏழெட்டு மணித்தியாலம் வேணும், சின்னப் பிள்ளையளும் வயசு போன ஆக்களும் எண்டா இன்னும் கூட. உங்கட கணக்கை நம்பி மத்தியானம் இறங்கின அத்தான் குடும்பம் பின்னேரம் மருதாணிக்கு நிக்கலாம் எண்டு நினைச்சு, சாமம் ஆகித்தான் வீட்டுப் படலையைத் திறந்தவை. இதுக்க அந்த ட்ரைவர் முறிகண்டியில நிப்பாட்டாமலே வந்திட்டார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் ஏ9 ரோட்டால வந்த வான் இதுதான் நான் கேள்விப்பட்ட முதல் வான். அத்தான் கிளிநொச்சி வரைக்கும் புறுபுறுத்துக்கொண்டு வந்தவராம்.

ரெயின் பற்றியும் பிழைதான். "யாழ்தேவி டிக்கெட்டை அன்றே ஸ்டேஷனில் எடுக்கலாம்" எண்டு எழுதியிருக்கு. ரிசர்வேசன் சீற் ஒரு மாதத்துக்கு முதல் திறந்த உடனேயே முடிஞ்சிடும், அதுவும் திருவிழா நேரம். ரெண்டு குடும்பம் கோட்டை ஸ்டேசன் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பஸ்ஸில ஏறினவை. சென்னையில இருந்து பலாலி எயார்போட்டுக்கு வந்த மாப்பிள்ளையின்ர சிநேகிதருக்கு லகேஜ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது சின்ன ஏடிஆர் பிளேன், பெரிய பிளேனில கொண்டுவாற மாதிரி பெட்டி கொண்டுவரேலாது, அதுகள் எக்ஸ்ட்ரா கிலோவுக்குக் காசு கட்டிப்போட்டுத்தான் வந்ததுகள்.

இனி உடுப்பு. "வெள்ளை அல்லது இளம் நிறங்கள், லினன், வெறுங்கால்" எண்டு ஒரு பக்கம். கலியாணப் பொம்பிளையோட வேலை செய்யிற ஒரு கனடாப் பிள்ளை அதைப் பாத்துத் தேடி வாங்கி, தலை தொடக்கம் கால் வரைக்கும் வெள்ளையில மண்டப வாசலில வந்து நிக்குது. சைவக் கலியாணத்தில வெள்ளை உடுத்தி வந்தா எங்கட கிழவியள் எப்பிடிப் பாப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? நான் அவாவைச் சாப்பாட்டு அறைக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போய், மாத்துறதுக்கு எண்டு வைச்சிருந்த என்ர மஞ்சள் சேலையைக் கட்டிவிட்டனான், பின் குத்த ஊசி காணாமல் பந்தல்காரப் பெடியனிட்ட வாங்கினது. அந்தப் பிள்ளைக்குச் சரியான சந்தோசம், அது வேற கதை. நல்லூருக்கை போற ஆம்பிளையள் சேட்டைக் கழட்ட வேணும் எண்டதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

கலியாணத்துக்கு அடுத்த நாள் நீங்கள் போட்ட சுத்துலாத் திட்டத்தைப் பாத்து எங்கட வீட்டில எல்லாரும் சிரிச்சவை. ஒரே பின்னேரத்தில நயினாதீவும் நெடுந்தீவும், பிறகு கசூரினாவில சூரிய அஸ்தமனம். ரவுணில இருந்து போட் ஏறுற குறிகட்டுவான் 30 கிலோமீற்றருக்கு மேல, நயினாதீவுக்குப் போட் கொஞ்ச நேரம்தான், ஆனா நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும், போட்டும் நினைச்ச நேரம் ஓடாது, கசூரினா எண்டது காரைநகர், அது வேற பக்கம். நாங்கள் அதைக் கைவிட்டு நாகபூசணி அம்மனோட நிப்பாட்டிக்கொண்டம். போகாத மிச்சத்துக்கும் நீங்கள் காசு எடுத்திருக்கிறீங்கள்.

இவ்வளவும் ஏன் இப்பிடி எண்டு எனக்குக் கனநாளா விளங்கேல்லை. பேந்து ஆறுதலா இருந்து அந்தப் பிடிஎஃப்பை வாசிச்சா, நாலாம் பக்கத்தில "பெந்தோட்டைக் கடற்கரை மேடைக்கு மாலை நான்கு மணிக்கு வரவும்" எண்டு கிடக்கு. பேரை மாத்த மறந்திட்டீங்கள். தெற்கில கடற்கரைக் கலியாணத்துக்கு எழுதின தாளை எடுத்து, ஊர்ப்பேரை மட்டும் மாத்தி, உள்ளூர் ஆலோசனை எண்டு எங்களுக்கு வித்திருக்கிறீங்கள். பெந்தோட்டைக்கு அது நல்ல வழிகாட்டியா இருக்கும், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. வெள்ளை லினன் அங்க வடிவாத்தான் இருக்கும்.

இப்ப நான் கேக்கிறது. உள்ளூர் ஆலோசனைக் கட்டணம் முழுக்கத் திருப்பித் தாங்கோ. நடக்காத தீவுப் பயணத்தின்ர காசும், கலியாணத்தண்டு காலமை ஆருக்கும் கிடைக்காத சாப்பாட்டின்ர காசும் திருப்பித் தாங்கோ. மாமிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், பாரிஸ் விலாசம் நான் தாறன், நல்ல தமிழில எழுதுங்கோ, கொம்பியூட்டரில மொழிபெயர்த்து அனுப்பவேண்டாம். மற்றது, அடுத்த வருசமும் ஆவணியில யாழ்ப்பாணத்தில கலியாணம் வைக்கிற சனம் உங்களிட்ட வரும், அதுக்கு முதல் அந்தத் தாளை இஞ்ச இருக்கிற ஒருத்தரைக் கொண்டு திருப்பி எழுதுவியுங்கோ. நல்லூர்க் கொடியேற்றம் எண்டைக்கு எண்டு கலண்டரைப் பாக்கிறதுக்குக் காசு ஒண்டும் தேவையில்லை.

ரெண்டு கிழமைக்குள்ள பதில் வராட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவன். 2003ம் ஆண்டு 9ம் இலக்கச் சட்டத்தின்படி சேவை தந்து மூண்டு மாசத்துக்குள்ள முறைப்பாடு குடுக்கவேணும், எனக்கு இன்னும் நாள் கிடக்கு, அவையின்ர 1977 எண்ட போன் நம்பரும் தெரியும்.

பில், வட்ஸ்அப் படம், பிடிஎஃப் நாலாம் பக்கம் மூண்டையும் இதோட இணைச்சிருக்கிறன். பதில் எழுத்தில வரவேணும், போன் எடுக்கவேண்டாம். காசை அக்கா அனுப்பின கணக்குக்கே போடுங்கோ, என்ர கணக்குக்குப் போட்டா பிறகு அவாவோட நான் கணக்குப் பாக்கவேண்டி வரும்.

இப்படிக்கு,
பொம்பிளையின்ர சித்தி
கொக்குவில்