சோறு எந்த லிஃப்டில் வரும்?

அன்புத் தோழி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஈப்போ வெயிலில் நடக்க முடியவில்லை என்ற சாக்கெல்லாம் என்னிடம் செல்லாது. முட்டி வலித்தாலும் சாயங்காலம் கொஞ்சம் நட.

இங்கே சிங்கப்பூரில், எங்கள் மருத்துவமனையில் ஒரு கூத்து. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, கணினி, இவற்றில் ஏதாவது நின்றுபோனால் என்ன செய்வது என்ற திட்டத்தைத் திருத்துகிறார்கள். இதுவரை பொறியாளர்களும் நிர்வாகிகளும் எழுதி அனுப்புவார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்போம். இந்த முறை தாதியர், மருந்தகத்துப் பையன், சாப்பாட்டு வண்டி தள்ளும் அண்ணன், துப்புரவு ஆன்ட்டி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

முதல் ஓட்டையைக் கண்டுபிடித்தது அந்த அண்ணன்தான். ஜெனரேட்டரில் எங்கள் பக்கம் ஒரே ஒரு லிஃப்ட்தான் ஓடுமாம். "ஆபரேஷன் நோயாளி, ஆக்சிஜன் சிலிண்டர், என் சோறு, மூணும் அதில்தானே போகணும்? யார் முதல்ல?" என்று கேட்டார். திட்டத்தில் சோறு என்ற பேச்சே இல்லை. இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு வராவிட்டால் சர்க்கரை இறங்கி என்ன ஆகும் என்று உனக்கா நான் சொல்ல வேண்டும்?

அப்புறம் ஆன்ட்டி. தரை கழுவும் இயந்திரத்தைச் சிவப்பு பிளக்கில்தான் மாட்டுவாராம், அதுதான் கைக்கு எட்டுகிறதாம். மின்சாரம் நின்றாலும் முக்கியமான கருவிகள் ஓட ஜெனரேட்டர் மின்சாரம் வரும் பிளக் அது என்று இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான்.

என்னை உறுத்தியது வேறு. பக்கத்துக்குப் பக்கம் 'மேலாளருக்கு உடனே தெரிவிக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 18 மின்தடை ஞாபகம் இருக்கிறதா? தீவில் பல இடங்களில் வீடு, கடை என்று 146,000 இணைப்புகளுக்கு மேல் இருட்டானது நள்ளிரவு 1.18க்கு. 38 நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது, சரி. அந்த நேரத்தில் மேலாளர் எங்கே இருப்பார்? 2024 அக்டோபர் 8 மத்தியானம் தொலைபேசிக் கோளாறு வந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிடும் 995க்கே சரியாக அழைப்பு போகவில்லை, 70995க்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னார்கள். அப்படி ஒரு நாளில் எந்தப் போனில் தெரிவிப்பது? அடுத்த ஒத்திகையை இரவு ஷிஃப்டில் வையுங்கள் என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். இந்த ஊர் 'பார்க்கலாம்' உனக்குத் தெரியாததா!

இன்னொன்று கேள். கணினி நின்றால் எழுத வேண்டிய தாள்களை அலமாரியிலிருந்து எடுத்தால், பாதி பழைய படிவம். சின்னப் பெண்களில் பலர் மருந்துத் தாளைக் கையால் எழுதியதே இல்லை. நரம்பில் மருந்து நீரை அளவாக ஏற்றும் டிரிப் பம்பின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வாய் என்றேன், முழித்தார்கள். உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்: 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு, அப்படியானால் நிமிடத்துக்கு 42. விடுதியில் நீ இதை உள்ளங்கையில் எழுதிவைத்துத் தேர்வுக்குப் போனாயே, அதையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, அதற்கப்புறம்தான் அவர்களுக்குக் கணக்கு மண்டையில் ஏறியது.

தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். சிராங்கூன் ரோட்டு விளக்குகளைப் பார்க்க என்னோடுதான் வர வேண்டும். வரும்போது, சட்டையில் குத்திக்கொள்வோமே அந்தப் பழைய கடிகாரம், இன்னும் ஓடினால் எடுத்து வா. வார்டில் மாட்டிவைக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழி