சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கிளம்பு

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
தை மாதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் பேசும்போதெல்லாம் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் காகிதத்தில் எழுதி, நீ சொன்ன வார்ணம்பூல் தபால் நிலையத்துக்கு அனுப்புகிறேன். நிலையான முகவரி இல்லாதவர்களின் கடிதத்தை அங்கே எடுத்துவைத்துக் கொடுப்பார்கள் என்று நீ சொன்னாயே, கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேலையை விட்டுவிட்டு, அந்தப் பழைய டொயோட்டா கோஸ்டர் சிறு பேருந்தை வாங்கி அதிலேயே குடியிருக்கப் போகிறோம் என்று சொன்ன அன்று, சாங்கி விமான நிலையத்தில் வைத்து "வீடு வாசல் இல்லாமல் நாடோடியாகத் திரியப் போகிறாயா" என்று கேட்டேன். உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்படிக் கேட்டது தப்பு, பாப்பா. நம் ஊரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் பதிவு செய்து, சாவி வாங்கி, பால் காய்ச்சினால்தான் பிள்ளைகள் நிலைபெற்றார்கள் என்று பெற்றவர்களுக்கு மனம் ஆறும். நானும் அப்படியே நினைத்திருந்தேன். தேக்கா சந்தையில் யாராவது "மகள் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் காய்கறி விலையைக் கேட்பேன். இப்போது அப்படி இல்லை. "மகள் ஆஸ்திரேலியாவில் பேருந்து வீட்டில் இருக்கிறாள், நான் போய் ஐந்து வாரம் தங்கிவிட்டு வந்தேன்" என்று நானாகவே சொல்கிறேன். கேட்பவர்கள் "சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கேரவனா?" என்கிறார்கள். இல்லை, சமைத்து, தூங்கி, துணி காயப்போட்டு வாழ்கிற வீடு என்று விளக்குகிறேன்.

போன செப்டம்பர் பயணம் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 22 ஆண்டு பேருந்து ஓட்டியிருக்கிறேன். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவில் பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் கிடக்கும் அந்தச் சாலையைப் போல எதையும் பார்த்ததில்லை. நம் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர். மூன்று சிங்கப்பூரை ஒட்டவைத்து நேராகக் கோடு போட்ட மாதிரி இருந்தது. நான் ஓட்டவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் கால் தானாகப் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது.

டீசல் பாதிக்குக் கீழே இறங்கும் முன்பே நிரப்பச் சொல்லி நான் நச்சரித்தது நினைவிருக்கிறதா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போவதென்றால் முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்கு. அங்கே ஒரு ரோட்ஹவுஸை, அதாவது எரிபொருள் விற்கும் சாலையோரக் கடையை விட்டால் அடுத்தது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, அந்த முக்கால் டேங்க் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சக்கர நட்டு விஷயம். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அன்று சாலையோர ஓய்விடத்தில் இரவு தங்கியிருந்தோம். ஐந்து மணிக்கே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. டிப்போவில் வண்டி எடுத்த காலத்துப் பழக்கம், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். கண்ணாடி, விளக்கு, அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா, டயர். வலது பின்சக்கரத்தில் ஒரு நட்டிலிருந்து மெல்லிய துருக்கோடு, ஈரக் குங்குமம் வழிந்தது போல இறங்கியிருந்தது. இறுகிப் பிடித்திருக்கும் நட்டில் அப்படிக் கோடு விழாது. அசைகிற நட்டில்தான் உலோகம் உராய்ந்து தூளாகி வழியும். மாப்பிள்ளையை எழுப்பி ஸ்பேனரைப் போடச் சொன்னேன். பலம் கொடுக்காமலே திரும்பியது. பக்கத்து நட்டும் அப்படித்தான். இரண்டு நாள் முன்னால் ஓர் ஊரில் அந்தச் சக்கரத்தின் டயரை மாற்றியிருந்தீர்கள். மாற்றிக் கொடுத்த கடைக்காரர், கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரம் ஓட ஓடத்தான் சரியாக உட்காரும், அப்போது நட்டு தளரும்.

எங்கள் பேருந்துகளில் நட்டுமேல் மஞ்சள் பிளாஸ்டிக் அம்புகள் மாட்டியிருப்போம், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒன்று திரும்பியிருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். உங்கள் நட்டு அளவுக்கு இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் வெள்ளைப் பெயின்ட் பேனாவால், நட்டிலிருந்து சக்கரத்துக்கு ஒரு நேர்க்கோடு போட்டு வைக்கச் சொல். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் ஒரு சுற்று, ஐந்து நிமிடம்தான். காட்சி பார்க்கும் ஆசையில் அதை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் காலையில் நட்டைப் பார்க்காமல் கிளம்பியிருந்தால், ஹெட் ஆஃப் பைட் கடற்கரையில் திமிங்கிலத்தைப் பார்த்திருப்போமா என்று அடிக்கடி நினைப்பேன். குளிர்காலத்தில் தெற்கிலிருந்து வந்து அங்கே குட்டி போட்டு வளர்க்குமாம். மரப்பாதையில் நின்று பார்த்தபோது தாயும் குட்டியும் நமக்கு நேர் கீழே அசையாமல் கிடந்தன. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பத்து வயதுக்குப் பிறகு நீ என் கையைப் பிடித்து நடந்ததே இல்லை.

செடூனா சோதனைச்சாவடியில் பழம், காய்கறி எல்லாம் எடுத்துக்கொள்வார்கள் என்று முந்தின இரவு இருந்த தக்காளி அத்தனையையும் தொக்காக்கினோமே, அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. இப்போது விக்டோரியாவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போகும்போதும் அதே கதைதான். மிளகாய், கத்தரிக்காயையும் முன்னாலேயே சமைத்து முடித்துவிடு.

சமையல் என்றதும் இன்னொன்று. அடுப்புக்குக் கீழே, தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. நீ அதன் முன்னால் அரிசி மூட்டையை வைத்திருந்தாய், நான்தான் நகர்த்தினேன். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். வெளியே போக அதற்கு இருக்கும் வழி அந்தத் துவாரம்தான். அதை எதற்காகவும் அடைக்காதே. குழாய் இணைப்புகளில் மாதம் ஒருமுறை சோப்பு நுரை தடவிப் பார், குமிழி வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, அதற்கு உரிமம் உள்ளவரிடம் காட்டு. படுக்கைக்கு மேலே கூரைச் சன்னல் ஓரத்தில் தேநீர் நிறத்தில் கறை இருந்ததே, அதையும் தள்ளிப் போடாதே. பழைய சிலிக்கோன் பசை மேல் புதிதைப் பூசினால் ஒட்டாது. சுரண்டி எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். உள்ளே இறங்கும் தண்ணீர் மரப்பலகையை இற்றுப்போகச் செய்த பிறகுதான் வெளியே தெரியும்.

கூபர் பீடியில் ஓபல் தோண்டுகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து பூமிக்கு அடியில் கட்டிய வீடுகளைப் பார்த்தோம், சரி. ஆனால் உலுருதான் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். நம் புக்கித் தீமா குன்று 164 மீட்டர், அது சுற்றியுள்ள தரையிலிருந்தே 348 மீட்டர், பார்க்க ஒரே கல் மாதிரி. அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமான இடம். 2019 அக்டோபரிலிருந்து மேலே ஏறக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள், அது மிகவும் சரி. கீழே நடந்தபோது, செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது எனக்கு.

இனிமேல் நீங்கள் போகும் வழியைப் பற்றி. மவுன்ட் காம்பியரில் அந்த நீல ஏரியை அவசியம் பாருங்கள். ஆண்டு முழுக்க அந்த நிறம் இருக்காதாம், அங்கே கோடையாக இருக்கும் இந்த மாதங்களில்தான் பளீரென்ற நீலம். நீங்கள் போகும் நேரம் சரியான நேரம்.

அப்புறம் அடிலெய்டுக்குள் மலையிலிருந்து இறங்கும் விரைவுச்சாலை. அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. லாரிகளும் பேருந்துகளும் அந்தச் சரிவில் 60-க்கு மேல் போகக் கூடாது, தாழ்ந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று விதி. பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்க ஓரத்தில் தனித் தடமே வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டி அந்தக் கணக்கில் வருகிறதா இல்லையா என்று மாப்பிள்ளை யோசிக்க வேண்டாம், வருவதாகவே வைத்துக்கொண்டு இறங்கட்டும்.

மலேசியாவில் கெந்திங் மலையிலிருந்து இறங்கி வந்த நாள் உனக்கு நினைவிருக்காது, உனக்கு அப்போது ஆறு வயது. அப்பா பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினார். பாதியில் கருகிய வாசனை. பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. நல்ல வேளை, ஓரமாக நிறுத்த இடம் இருந்தது. பல ஆண்டாக மாற்றாத பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்திருந்து, சூட்டில் கொதித்துவிட்டது என்று அங்கே பார்த்த மெக்கானிக் சொன்னார். அப்பா அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினார். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாது என்றாயே. அந்த மலைக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும், வேகம் பிடித்த பிறகு குறைக்கப் பார்த்தால் முடியாது.

இங்கே காருக்குப் பத்து ஆண்டில், வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் முடிந்துவிடும், பேருந்துக்கும் ஆயுள் வரம்பு உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வண்டிகளைக் கழித்துக் கட்டும்போது எனக்கு மனம் கேட்காது. உன் கோஸ்டர் 1998-இல் செய்தது. இங்கே இருந்திருந்தால் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அது இன்னும் உங்களைச் சுமக்கிறது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். அதனால்தான் இத்தனை சொல்கிறேன். டைமிங் பெல்ட்டை லட்சம் கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரின் காற்றையும் பாருங்கள், கைக்கு எட்டவில்லை என்று விட்டால் வெளிப்பக்க டயர் இரண்டு பேர் பாரத்தைச் சுமந்து சூடாகிவிடும். காற்றுப் பார்ப்பது காலையில், வண்டி ஓடும் முன்.

அப்பா நலம். முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்கு உன் சித்தி வந்திருந்தாள், உன் படங்களைக் காட்டினேன், அடுத்த தடவை அவளும் வருகிறாளாம். மே மாதம் டார்வின் பக்கம் இருப்போம் என்றாய். சிங்கப்பூரிலிருந்து அது பக்கம்தான், நாங்கள் மூன்று பேரும் வந்துவிடுகிறோம். அப்பாவுக்கு ஏறி இறங்க வாசலில் ஒரு கைப்பிடி போட்டுவிடச் சொல். கூரைச் சன்னலுக்குக் கீழே இருக்கும் படுக்கை எனக்கு.

கடிதம் கிடைத்ததும் வண்டியில் இருக்கும் உதிரி டயரைப் பார். ஓரத்தில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் தொங்கும் டயர் ஓடாமலேயே கிழடாகிவிடும். அந்த எண்ணைப் படம் பிடித்து அனுப்பு, மீதியை நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா