வசனத்துக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாமே எழுதி, வரைந்து, சொந்தக் காசில் அச்சடித்து நகைச்சுவைக் காமிக்ஸ் வெளியிடுகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் இத்தகைய புத்தகங்கள் நிலைக்காததற்கு வண்ணத்தில் அச்சிடப் பணம் இல்லாததே காரணம் என்று அதில் சொல்லியிருந்தீர்கள். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சிரிப்புக்கு வண்ணம் கட்டாயமில்லை. படத்தை முழுதாக வரைந்து முடித்துவிட்டு, மிஞ்சிய மூலையில் வசனத்தைத் திணிப்பதுதான் இங்கே நல்ல நகைச்சுவையைக் கெடுக்கிறது.

கறுப்பு வெள்ளை போதும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஜெஃப் ஸ்மித் வரைந்த ‘போன்’ (Bone) என்ற காமிக்ஸ். 1991இல் தொடங்கி 2004 வரை 55 இதழ்கள், பெரும்பாலும் அவருடைய சொந்தப் பதிப்பகத்தின் வழியாகவே வந்தன. அத்தனையும் கறுப்பு வெள்ளை. முடிந்தபின் ஒரே தொகுதியாகக் கட்டியபோது 1,300 பக்கங்களைத் தாண்டியது. பெரிய பதிப்பகம் ஒன்றின் வண்ணப் பதிப்புகள் 2005இல்தான் தொடங்கின. அதாவது, வாசகர்கள் சேர்ந்த பிறகு வண்ணம் வந்தது.

அனிமேஷன் துறையிலிருந்து வந்தவர் என்பது அவர் வரைந்த விதத்தில் தெரியும். முக்கியப் பாத்திரங்கள் வெள்ளை வெளேரென்று, உருண்டையாக, நாலைந்து கோடுகளில் முடிந்துவிடும். பின்னால் உள்ள காட்டில் தூரிகையின் பருமனும் மெலிவும், திட்டுத்திட்டான கறுப்பும் நிறைந்திருக்கும். கண் நேராக முகத்துக்குப் போய்விடுவதால் வண்ணம் செய்ய வேண்டிய வேலையைக் கறுப்பே செய்துவிடுகிறது. குளிர்காலம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மொத்தப் பனியும் ஒரே படக் கட்டத்தில் தொப்பென்று விழும் காட்சி அந்தக் கதையின் தொடக்கத்தில் வருகிறது. அங்கே சிரிப்பு வருவது, அதற்கு முந்தைய கட்டம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதால்.

இனி தமிழுக்கு வருவோம். நம் வாசகர்கள் பல தலைமுறைகளாகப் படித்துச் சுவைத்தவை பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு வழியாக வந்த மொழிபெயர்ப்புக் காமிக்ஸ். அவற்றில் வசனம் எழுதும் பலூன் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும். வேறு மொழிக்கு வெட்டிய சட்டைக்குள் தமிழைப் போட்டாக வேண்டும். எழுத்தைச் சிறிதாக்குவதும் வரியை நெருக்குவதும் அங்கே தவிர்க்க முடியாதவை. தமிழிலேயே யோசித்து வரைகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அதே நெருக்கடியைப் பழக்கத்தால் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

ஓர் எளிய கணக்கு. ஏ5 பக்கத்தின் அகலம் 148 மி.மீ. புத்தகம் கட்டும் உள் ஓரத்துக்கு 15, வெளி ஓரத்துக்கு 10 விட்டு, ஒரு வரிசைக்கு மூன்று கட்டம் வைத்தால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 38 மி.மீ. ‘கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் 15 எழுத்து. 9 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் அந்தச் சொல்லே கட்டத்தின் அகலத்தை விழுங்கிவிடும். பேச்சு வழக்கில் ‘கெளம்புறாங்க’ என்றால் ஏழே எழுத்து. நகைச்சுவைக்குப் பேச்சுத் தமிழ் பொருந்துவதற்கு இயல்பான தொனி ஒரு காரணம், இந்த இடச் சிக்கனம் இன்னொன்று. வசனம் அதிகமுள்ள பக்கத்தில் வரிசைக்கு இரண்டு கட்டத்துக்கு மேல் வேண்டாம்.

ஆகவே வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வசனத்தை எழுதி, உண்மையான அச்சு அளவில் தட்டச்சு செய்து வெட்டி, வெறும் கட்டத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பலூனுக்கு 12 சொல், நான்கு வரி. அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரிக்கலாம். நீள வரி நடுவிலும் குறுகிய வரிகள் மேலும் கீழும் வந்தால் முட்டை வடிவத்தில் சரியாக உட்காரும். தமிழுக்கு மேலே இகரக் கொக்கியும் புள்ளியும், கீழே உகர வாலும் இருப்பதால் வரி இடைவெளி எழுத்தளவில் 130 முதல் 140 விழுக்காடு வேண்டும். இல்லையென்றால் மேல் வரியின் ‘கூ’ கீழ் வரியின் ‘கீ’யோடு மோதும். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமானால், மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது: ‘விட்-டான்’ சரி, ‘வி-ட்டான்’ தவறு.

பலூன் இடம்பிடித்த பிறகுதான் ஆட்களை நிறுத்த வேண்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம், பதில் சொல்பவர் வலப்பக்கம். படத்தை முதலில் வரைந்துவிட்டால் பதில் சொல்பவர் இடப்பக்கம் மாட்டிக்கொள்வார். பேசுபவரைச் சுட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். வாசகர் பதிலைப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவார். அதன்பின் எவ்வளவு நல்ல துணுக்கானாலும் எடுபடாது.

தமிழ்ச் சொற்றொடரில் வினை கடைசியில் நிற்பது சிரிப்புக்குப் பெரிய வசதி. “மாமா கிணத்துல...” என்று ஒரு பலூன், சற்று இடைவெளி விட்டு, கழுத்து போல ஒட்டிய இரண்டாவது பலூனில் “விழல. குதிச்சாரு.” அந்த வெள்ளை இடைவெளிதான் மேடை நடிகர் விடும் மூச்சு. முழுதையும் ஒரே பலூனில் போட்டால், கண் முதல் வரியைத் தொடும்போதே கடைசிச் சொல்லையும் பார்த்துவிடும்.

கூச்சலுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து உண்டு, நம்மிடம் இல்லை. அதற்காக எழுத்தை வலப்பக்கம் சாய்ப்பதைப் பார்க்கிறோம். சாய்ந்த தமிழில் கொம்பும் காலும் பக்கத்து எழுத்தின்மேல் விழுவதுதான் மிச்சம். நம்மிடம் அளபெடை இருக்கிறது! நெடிலுக்குப் பின் அதன் இனக் குறிலை இட்டு நீட்டுவது இலக்கணமே தந்த வழி: ‘டேஎஎய்!’, ‘ஐயோஒஒ!’ நீளும் எழுத்துகளை ஒன்றைவிட ஒன்று பெரிதாக்கினால் குரல் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தொபுக்கடீர், சளக், படார் போன்ற ஒலிகளை எழுத்துருவில் இடாமல் கையால் எழுதுவதே அழகு. புள்ளியை மட்டும் தடிப்பாக வையுங்கள். அச்சில் பாதி அளவுக்குச் சுருங்கும்போது புள்ளி மறைந்து, ‘தொம்’ என்பது ‘தொம’ ஆகிவிடும். மிகத் தடித்த எழுத்தில் ண, ழ ஆகியவற்றின் சுழிகள் மை ஏறி அடைத்துக்கொள்வதும் உண்டு.

கணினியில் எழுத்துச் சேர்க்கும்போது ‘கொ’வின் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறினால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற பெயரில் அது இருக்கிறது. இங்க்ஸ்கேப் தமிழை இயல்பாகவே சரியாகக் காட்டும். அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வடிவமாக, மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய பிரதி ஒன்று தனியே இருக்கட்டும்.

பக்கம் திருப்புவதும் நகைச்சுவையின் ஒரு பகுதிதான். புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம் வரும். ஆகவே எதிர்பார்ப்பு ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும், சிரிப்பு வெடி அடுத்த இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்திலும் விழ வேண்டும். கடைசி நேரத்தில் முன்பக்கத்தில் ஒரு பக்க அணிந்துரை சேர்த்தால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போய், கேள்வியும் வெடியும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளும். சேர்ப்பதானால் இரண்டு பக்கமாகச் சேருங்கள்.

அச்சில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்யும்போதே தொடங்கிவிடுகின்றன. ஏ5 புத்தகத்துக்கு ஏ4 தாளில் வரைந்து 71 விழுக்காட்டுக்குச் சுருக்கலாம். ஏ3இல் வரைந்தால் சரிபாதி. பாதியாகச் சுருங்கும்போது 0.3 மி.மீ. பேனாக் கோடு 0.15 ஆகும், அதற்கும் மெல்லிய கோடு அச்சில் அறுந்துபோகக்கூடும். கோட்டோவியத்தை அச்சு அளவில் 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு) குறையாமல், முடிந்தால் 1,200இல், சாம்பல் நிறம் இல்லாத தூய கறுப்பு வெள்ளையாகச் சேமிக்க வேண்டும். சாம்பலாக விட்டால் கோட்டின் ஓரமெல்லாம் புள்ளியாகச் சிதறும். எழுத்தும் கோடும் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு வண்ணக் கலவையில் வைத்தால், பிளேட் (அச்சுத் தகடு) இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் தெரியும். பக்கத்தின் விளிம்பைத் தொடும் படத்துக்கு வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதலாகவும், பலூன்களுக்கு வெட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளேயும் இடம் விடுங்கள்.

70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் அடர்ந்த கறுப்பு மறுபக்கம் தெரியும். 90 அல்லது 100 நல்லது. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கு. ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) கணக்கில் அச்சிட்டால் 16இன் மடங்கில் முடிப்பது தாளை மிச்சப்படுத்தும். தாளின் ஒரு பக்கத்தை அச்சிட வண்ணத்துக்கு நான்கு பிளேட், கறுப்புக்கு ஒன்று. மிச்சமாகும் பணத்தைத் தாளிலும் அட்டையிலும் போடலாம். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் நம் நாட்டில் இலவசம்.

தனி இதழ்களைச் சேர்த்துக் கிராஃபிக் நாவல் ஆக்குகிறவர்களுக்கு ஒரு சொல். முதல் இதழில் மூன்று தலை உயரம் இருந்த பாத்திரம் பத்தாவது இதழில் நான்கு தலைக்கு வளர்ந்திருக்கும். முன், பக்கம், பின் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரித் தாள் தொடக்கத்திலேயே வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்வது நல்லது. பின் அடித்த இதழுக்கு விட்ட உள் ஓரம் தடித்த தொகுப்புக்குப் போதாது. பசை போட்டுக் கட்டும்போது உட்பக்கத்துப் பலூன்கள் மடிப்புக்குள் போய்விடும். அதனால்தான் 15 மி.மீ. என்று முதலிலேயே சொன்னோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். காமிக்ஸ் மதிப்புரை எழுதும்போது கதையோடும் ஓவியத்தோடும் வசன அமைப்பையும் பார்த்து எழுதுங்கள். வாரம் ஒருமுறை, தனியாக இயங்கும் ஓவியர் ஒருவரின் நான்கு கட்டச் சித்திரப் பட்டைக்கு நாளிதழில் இடம் கொடுங்கள். விளம்பரம் வந்து இடம் குறைந்தால் கட்டங்களை இரண்டிரண்டாக இரு வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். அதற்கேற்ப நான்கையும் ஒரே அகலத்தில் வரையும்படி ஓவியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அகலத்தை மட்டும் நெருக்கி முகங்களை ஒடுக்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சித்திரக்கதை வரைவோரும் அச்சுப் பணி செய்வோரும் சிலர்,
மதுரை.