தாம்பூலம் வாங்கலாமா?

மெம்ஃபிஸ், அமெரிக்கா
மார்ச், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா நடுவில் புகுந்து "அப்போ வைகாசிக்கு வரமாட்டியா?" என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். தம்பியைப் படிக்கச் சொல்லாமல் நீங்களே கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

எனக்கு ஒரு கோடைக்கால நாடக வேலை வந்திருக்கிறது. நம் பக்கம் பங்குனியிலிருந்து ஆடி வரை நம் கூத்து ஜமாவுக்கு ஓய்வே இருக்காது இல்லையா, இங்கேயும் அப்படித்தான், ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சீசன். மலை, கடற்கரை என்று ஜனங்கள் ஊர் சுற்றப் போகிற இடங்களில் கொட்டகை வைத்திருப்பார்கள். வட கரோலினாவில் ரோவனோக் என்று ஒரு தீவு. அங்கே 1937-இல் ஆரம்பித்த ஒரே நாடகத்தை இன்றும் கோடையில் திறந்தவெளியில் போடுகிறார்கள். நம் பாரதம் மாதிரி, கதை தெரிந்தும் ஜனம் வருகிறது.

ஆள் எடுப்பதுதான் வேடிக்கை. தென்கிழக்கு மாநிலங்களுக்கென்று ஒரு நாடக மாநாடு இருக்கிறது. என்னைப் போன்ற மாணவர்களை முதலில் மாநில அளவில் வடிகட்டிவிட்டுத்தான் அங்கே விடுகிறார்கள். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். எதிரே கம்பெனிக்காரர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். பாட்டும் நடிப்பும் சேர்த்து என்றால் 90 விநாடி, நடிப்பு மட்டும் என்றால் 60. விடிய விடியக் கூத்தாடுகிறவர் மகளுக்கு ஒரு நிமிஷம்! நீங்கள் திரைக்குப் பின்னால் குரல் கொடுத்து முடிப்பதற்குள்ளேயே எனக்கு நேரம் முடிந்திருக்கும்.

அப்புறம் யாருக்கு நம்மைப் பிடித்ததோ அவர்கள் ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். எனக்கு மூன்று அழைப்பு. இரண்டு இடத்தில் கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது அறையில் டைரக்டர் ஒரு வயதான அம்மா. கட்டிலில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். வேறு என்ன தெரியும் என்று கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்கும் டிவிக்கும் இடையில் இருந்த நாலடி இடத்தில் நம் கூத்துக் கோமாளி கட்டியக்காரன் வருகையை ஆடிக் காட்டினேன். கீழே கம்பளம். எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் சத்தமே எழவில்லை. வாயாலேயே தாளம் சொல்லிக்கொண்டேன். திரும்புகிறபோது மேஜை விளக்கைத் தட்டிவிட்டேன். அது சாய்ந்ததும் அதைப் பார்த்து, "யாரய்யா அது, மகாராஜாவுக்கு முன்னாடியே தலை குனியறது?" என்று தமிழிலேயே கேட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இன்னொரு தரம் ஆடு என்றார்.

ஊரில் என்னை வேஷம் கட்ட விடமாட்டேன் என்றீர்கள். ஓரமாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றதுதான் இது. கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. டென்னசியின் கிழக்கே மலைப்பக்கம், இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். பத்து வாரம், நான்கு நாடகம். ராத்திரி ஒன்று மேடையில் ஓடும்போதே பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. மூன்றில் எனக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற வேலை, நாலாவதில் நல்ல வேஷம், ஒரு கோமாளி. காலையில் ஆணி அடித்துத் தட்டி கட்டவும் போக வேண்டும்.

வாரத்துக்கு 375 டாலர், தங்க இடம் இலவசம். நம் பணத்தில் பெருக்கிப் பார்த்துவிடாதீர்கள், ஏமாந்து போவீர்கள். வாரம் அறுபது மணி நேரம் உழைத்தால் மணிக்கு ஆறேகால்தான் வருகிறது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 7.25, அதை 2009-க்குப் பிறகு ஏற்றவே இல்லை. வருஷத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு இடங்களுக்கு அந்தக் கூலிகூடக் கட்டாயமில்லையாம். சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. திருவிழாக் கூலி எங்கேயும் திருவிழாக் கூலிதான் போல.

இன்னொரு பக்கம், பல்கலைக்கழக நூலகத்தில் கோடை முழுக்க வேலை தருகிறேன் என்கிறார்கள். மணிக்கு 11 டாலர், வாரம் நாற்பது மணி, குளிர்சாதன அறை. ஆனால் வாடகை என் கையிலிருந்து போகும். கூட்டிக் கழித்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

விசா சங்கதிதான் கொஞ்சம் பயமாக இருந்தது. மாணவ விசாவில் வந்தவர்கள் வெளியே போய் நினைத்தபடி வேலை பார்க்க முடியாது. அது படிப்பின் ஒரு பகுதி என்று காட்டி, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலிலேயே அனுமதி வாங்க வேண்டும். காகிதம் கைக்கு வருமுன் ஒரு நாள் வேலை செய்தாலும் விசாவுக்கே ஆபத்து. எங்கள் பேராசிரியர் இதை ஒரு பாடமாகப் பதிவு செய்து தருகிறேன் என்றுவிட்டார். அதற்கும் கட்டணம் உண்டு, முதல் இரண்டு வாரச் சம்பளம் அதற்கே போய்விடும்.

நீங்கள் வெற்றிலை பாக்கு வாங்கி ஓர் ஊரில் ஆட ஒப்புக்கொள்ளுமுன் அங்கே முன்பு ஆடிய ஜமாவைக் கேட்பீர்களே, நானும் அதைத்தான் செய்தேன். போன வருஷம் அங்கே நடித்த ஒரு பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒரு அறையில் மூன்று பேர், துணி துவைக்கிற மெஷின் பாதி நாள் ஓடாது, கடைக்குப் போக பஸ் கிடையாது, யாராவது காரில் ஏற்றிப் போனால்தான் அரிசி. சம்பளம் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாது என்றான். "திரும்பப் போவாயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்த வருஷமும் போகிறேன்" என்றான்.

நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி சொல்லப் போகிறேன் அப்பா. கோமாளி வேஷம் எனக்குத்தான் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை சரி என்றுவிட்டால், இதைவிடப் பெரிய இடம் கூப்பிட்டாலும் மாறக் கூடாது. கை நீட்டி அட்வான்ஸ் வாங்கிய ஊரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போன ஆளை நீங்கள் ஜமாவில் சேர்த்ததே இல்லையே.

அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். பொங்கலையொட்டி லீவு கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை, பார்க்கத்தான் போகிறேன்.

முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறீர்களா? துரியோதனன் விழுகிற படுகளத்தன்று நீங்கள்தான் அந்த வேஷம் என்று தம்பி சொன்னான். அதை எனக்கு வீடியோவில் காட்ட, அவனைப் போனில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே காலை பத்து மணி என்றால் அந்த மலையில் ராத்திரி பன்னிரண்டரை. அரிதாரம் கழுவி முடித்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மகள்