24 மொழியும் மூலமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பிய ஒன்றியம் பற்றி வந்த கட்டுரை பொதுச் சந்தையையும் யூரோ நாணயத்தையும் தெளிவாக விளக்கியது. மொழியைப் பற்றிய பத்தியில்தான் தடம் புரண்டுவிட்டது. ஒன்றியத்தின் 24 அதிகாரபூர்வ மொழிகளிலும் சட்டம் அச்சிடுவது உறுப்பு நாடுகளின் மனம் கோணாமலிருக்கச் செய்யும் உபசாரம், ஆங்கிலம் ஒன்று போதும் என்கிறார் கட்டுரையாளர். அது உபசாரம் என்றால் ஒயின் வியாபாரி ஒருவர் சுங்கத்துறையை எதிர்த்து வென்றிருக்க மாட்டார்.

ஒன்றியத்தின் ஒழுங்குவிதி ஒன்று நடைமுறைக்கு வந்துவிட்டால், எந்த நாட்டு நாடாளுமன்றமும் அதை மறுபடி நிறைவேற்ற வேண்டியதில்லை. போலந்து விவசாயியையும் போர்ச்சுகல் மீனவரையும் அது நேரடியாகக் கட்டுப்படுத்தும். 2004 மே மாதம் செக் குடியரசு ஒன்றியத்தில் சேர்ந்தபோது, ஒன்றியத்தின் சுங்க விதிகள் அதன் அரசிதழில் செக் மொழியில் இன்னும் வெளியாகவில்லை. அந்த இடைவெளியில் ஸ்கோமா-லக்ஸ் என்ற ஒயின் இறக்குமதி நிறுவனத்துக்கு அந்நாட்டுச் சுங்கத்துறை அபராதம் போட்டது. இறக்குமதியே தொழிலாக உள்ளவருக்கு விதி தெரியாமலா இருக்கும், இணையத்தில் பார்த்திருக்கலாமே என்று வாதம் வந்தது. லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பர் 11 அன்று அதை ஏற்க மறுத்தது. ஒரு நாட்டின் மொழியில் அரசிதழில் வெளியாகாத விதியைக் காட்டி அந்நாட்டுக் குடிமக்கள் மீது கடமை சுமத்த முடியாது. வேறு வழியில் தெரிந்துகொண்டிருக்கலாம் என்ற சாக்கும் செல்லாது என்றது. 24 மொழிப் பதிப்புகள் எதற்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் 27 நாடு, 27 மொழி என்றிருந்ததையும் திருத்த வேண்டும். ஆஸ்திரியா, பெல்ஜியம், லக்ஸம்பர்க், சைப்ரஸ் ஆகிய நான்கும் புதிதாக ஒரு மொழியைக் கொண்டுவரவில்லை. மீதி 23 நாடுகளுக்கு 23 மொழி, அதோடு ஆங்கிலம். பிரிட்டன் வெளியேறிய பிறகும் ஆங்கிலம் நீடிப்பதற்குக் காரணம், மொழிப் பட்டியலைத் தாங்கிய 1958-ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குவிதியில் அது இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். 1958-இல் அந்தப் பட்டியலில் இருந்தவை டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் ஆகிய நான்குதான்.

கட்டுரையாளர் 'மொழிபெயர்ப்பு' என்றே எழுதிக்கொண்டு போகிறார். வேலை அப்படித்தான் நடக்கிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் மூலம், பெயர்ப்பு என்ற பிரிவே கிடையாது. 24 பதிப்பும் சம அதிகாரம் உள்ளவை. சிக்கல் பிறப்பதும் இங்கேதான். பொதுச் சந்தையில் வெண்ணெய் மிதமிஞ்சித் தேங்கியபோது, அரசு உதவித்தொகை பெறுவோருக்குக் குறைந்த விலையில் கொடுக்க 1969-இல் முடிவானது. ஜெர்மன், டச்சுப் பதிப்புகளின்படி கூப்பனில் வாங்குபவரின் பெயர் இருக்க வேண்டும். பிரெஞ்சு, இத்தாலியப் பதிப்புகளோ அது இன்னாருக்கு உரியது என்று தெரிந்தால் போதும் என்ற அளவில் நின்றுவிட்டன. கடைக்காரர் முன்னால் பெயரைக் காட்டி, தான் உதவித்தொகையில் வாழ்பவர் என்று அறிவித்துக்கொள்ள வேண்டுமா என்று ஜெர்மனியின் உல்ம் நகரவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். நான்கு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நீதிமன்றம், நோக்கம் நிறைவேறப் போதுமானதும் குடிமக்களுக்குப் பாரம் குறைந்ததுமான பொருளையே எடுக்க வேண்டும், பெயர் கட்டாயமில்லை என்றது.

இதே முறை எதிர்ப்பக்கமும் வெட்டும். 1993-இல் புளிப்புச் செர்ரி இறக்குமதியிலிருந்து உள்சந்தையைக் காக்க ஒரு விதி வந்தது. ஜெர்மன் பதிப்பில் 'இனிப்புச் செர்ரி' என்று அச்சாகிவிட்டது. புளிப்புச் செர்ரி கொண்டுவந்த நிறுவனம், ஜெர்மன் பதிப்பின்படி எங்கள் சரக்குக்கு இந்த விதியே பொருந்தாது என்றது. மற்ற பதிப்புகளோடு ஒப்பிட்டு, விதி புளிப்புச் செர்ரிக்கே என்று 1996-இல் தீர்ப்பானது. ஆக, உங்கள் மொழியில் வெளியாகாத விதி உங்களைக் கட்டாது. வெளியான பிறகோ உங்கள் மொழிப் பதிப்பை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இழுபறி இன்றுவரை தீரவில்லை. அதனால்தான் பல மொழிகளும் சட்டமும் கற்ற சட்ட மொழியியலாளர்கள் ஒவ்வொரு வரியாக ஒப்பிடுகிறார்கள். ஒரு பதிப்பில் முற்றுப்புள்ளி விழும் இடத்தில்தான் மற்றப் பதிப்புகளிலும் விழ வேண்டும் என்பது அவர்களின் நடைமுறை. நீள வாக்கியத்தைத் தம் மொழிக்கு ஏற்ப இரண்டாக வெட்டிக்கொள்ளும் சுதந்திரம் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றக் கூட்டத்தில் உடனுக்குடன் நடக்கும் பேச்சு மொழிபெயர்ப்பு வேறு வகை. ஒவ்வொரு மொழியிலிருந்தும் மற்ற 23-க்கு என்று 24 மொழிக்கு 552 திசைகள். எஸ்தோனியனிலிருந்து மால்டீசுக்கு நேரடியாகப் பெயர்க்க ஆள் கிடைப்பது அரிது என்பதால், ஒருவர் எஸ்தோனியனை ஆங்கிலமாக்க, மால்டீஸ் மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடி அறையில் இருப்பவர் அந்த ஆங்கிலத்தைக் கேட்டுப் பேசுவார். இடையில் இருப்பவர் 'பதினைந்து' என்பதை 'ஐம்பது' என்று சொல்லிவிட்டால், அவரை நம்பிய அறைகளிலெல்லாம் அந்தப் பிழையே ஒலிக்கும். கண்ணாடி அறைக்குள் அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். அதற்கு மேல் கவனம் தாங்காது. நம் தமிழைப் போல ஜெர்மனிலும் பல வாக்கியங்களில் வினை கடைசியில்தான் வரும். 'ஆதரிக்கிறோம்' என்று முடியுமா 'எதிர்க்கிறோம்' என்று முடியுமா எனக் காத்திருப்பதற்குள் அடுத்த வாக்கியம் தொடங்கிவிடும். உறுப்பினர் எழுதிவைத்ததை மடமடவென்று வாசித்தாலோ முதலில் தவறிப்போவது எண்களும் பெயர்களும்தான்.

செலவு ஆண்டுக்குச் சுமார் 100 கோடி யூரோ. கேட்கப் பெரிதாக இருக்கிறது. 45 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு யூரோ சொச்சம், மொத்த பட்ஜெட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை.

சமத்துவம் முழுமையானது என்று நான் சொல்லவில்லை. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் உள்வேலை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனில்தான் நடக்கிறது. வரைவுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறக்கின்றன. நீதிபதிகள் தங்களுக்குள் கலந்து பேசுவது பிரெஞ்சில். ஐரிஷ் மொழி 2007-இல் அதிகாரபூர்வ மொழியானாலும், போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாததால் முழு நடைமுறைக்கு வர 2022 ஜனவரி 1 வரை பிடித்தது. ஆளைப் பயிற்றுவித்து, கலைச்சொல் சேர்த்துத்தான் அந்தப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.

கட்டுரையாளர் உண்மையிலேயே ஒரு குறையைச் சுட்ட விரும்பினால் ஸ்பெயினில் பேசப்படும் கட்டலான் மொழியைப் பார்க்கட்டும். மால்டாவின் மக்கள்தொகை 5 லட்சம் சொச்சம். கட்டலான் பேசுவோர் அதைப் போலப் பல மடங்கு. இருந்தும் பட்டியலில் அதற்கு இடமில்லை. கட்டலான், பாஸ்க், கலீசியன் மூன்றையும் சேர்க்கும்படி 2023 ஆகஸ்டில் ஸ்பெயின் விண்ணப்பித்தது, செலவைத் தானே ஏற்பதாகவும் சொன்னது. சேர்ப்பதற்கும் ஒருமனதான ஒப்புதல் வேண்டும் என்பதால், ஒரு நாடு தயங்கினாலும் போதும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அடுத்து எழுதும்போது அவர் இதை எடுத்துக்கொண்டால் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சி